22 கிலோ கஞ்சா வழக்கில் ஜாமீன் கிடைக்குமா?

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி அருகே உங்கள் தம்பி ஓட்டிவந்த காரில் 22 கிலோ கஞ்சா பிடிபட்டதாகச் சொல்கிறீர்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் எடைதான் தலையெழுத்து. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: 10 முதல் 20 ஆண்டு கடுங்காவல், குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம். ஜாமீனுக்குக் கடும் நிபந்தனை விதிக்கும் 37ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும்.

ஆகவே எடைபோட்ட விதத்தைத் துருவுங்கள். சட்டத்தின் கண்ணில் கஞ்சா என்பது பூ, காய் முனைகளே. தண்டையும் சேர்த்து நிறுத்திருந்தால் வாதிட இடமுண்டு. மாதிரியை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுத்தார்களா? மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன் சோதனை கேட்கும் உரிமையைத் தரும் 50ஆம் பிரிவைப் பலரும் பெரிதாக நம்புகிறார்கள். அது உடல் சோதனைக்குத்தான், காருக்கு அல்ல.

180 நாளில் குற்றப்பத்திரிகை வராமலும், நீதிமன்றம் அவகாசத்தை நீட்டிக்காமலும் இருந்தால் ஜாமீன் கேட்பது உங்கள் தம்பியின் உரிமை. வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.