பிக்கப்பில் ஃபிஃப்த் வீல் ஹிட்ச்: டிரில்லை எடுக்கும் முன் சில கேள்விகள்

அமெரிக்கா, கனடா வாசகர்களிடமிருந்து ஒரே விஷயமாகக் கேள்விகள் குவிந்துவிட்டதால் இந்த முறை முழுக்க ஃபிஃப்த் வீல்தான். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: சுற்றுலா போக இழுத்துச் செல்லும் சாதாரண வீட்டு ட்ரெய்லரை வண்டியின் பின் பம்பருக்குக் கீழே பந்தில் கொளுவுவோம். ஃபிஃப்த் வீல் அப்படி இல்லை, கொளுவும் கருவியான ஹிட்ச் பிக்கப்பின் பெட்டுக்குள்ளேயே, அதாவது பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்குள்ளேயே, பின் அச்சுக்கு மேலே உட்காரும். ட்ரெய்லரின் மூக்கு பெட்டுக்கு மேல் வந்து, அதிலிருந்து கீழே நீட்டியிருக்கும் 2 இன்ச் கிங் பின் ஹிட்சின் தாடைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

என்னிடம் எஃப்-150 இருக்கிறது, ஐந்தரை அடி பெட். பழைய ஃபிஃப்த் வீல் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, சாமான் ஏற்றி முழு எடை 10,000 பவுண்டு. விற்பவர் "உங்க டிரக் 11,000 பவுண்டு இழுக்கும் சார், தாராளமா போகலாம்" என்கிறார். ஹிட்சை நானே மாட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். சரிதானே சார்?
– வாசகர், ஹூஸ்டன்

ஹிட்ச் மாட்டுவது அப்புறம். முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் டயர் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு எண் இருக்கும். அதுதான் உங்கள் வண்டியின் பேலோட். விளம்பரத்தில் போட்டிருப்பது அல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் எஃப்-150 ஸ்டிக்கரில் இருப்பதும் அல்ல, உங்கள் கதவில் இருப்பது மட்டும்தான் கணக்கு.

விற்பவர் பொய் சொல்லவில்லை, வண்டி இழுக்கும். ஆனால் ஃபிஃப்த் வீலில் இழுப்பது பாதி வேலை, சுமப்பது மீதி வேலை. பந்தில் கொளுவும் ட்ரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டி மேல் வைக்கும். ஃபிஃப்த் வீல் 15 முதல் 25 சதவீதம் வரை வைக்கும், 20 என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். உங்கள் 10,000 பவுண்டுக்கு அது 2,000 பவுண்டு. ஹிட்ச் ஒரு 150 பவுண்டு, குடும்பத்தில் நாலு பேர் 600 பவுண்டு, ஆக 2,750. இனி ஸ்டிக்கரைப் பாருங்கள். 1,700 என்று இருந்தால், ஐஸ் பெட்டியும் அரிசி மூட்டையும் ஏற்றும் முன்பே ஆயிரம் பவுண்டு மிகை.

"ஏர் பேக் போட்டுவிட்டால்?" என்று அடுத்த கடிதம் வரும், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விபத்தில் விரியும் பை அல்ல இது, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை. தொங்கும் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். டயரின் தாங்குதிறன், அச்சின் தாங்குதிறன், பிரேக் எதுவும் அதனால் மாறாது, ஸ்டிக்கர் எண்ணும் மாறாது.

ஆக டிரக்கை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ட்ரெய்லரை மாற்ற வேண்டும். டிரக்கை மாற்றுவதாக இருந்தால் எஃப்-250 என்ற பெயரைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். டீசல் எஞ்சின் கனம் அதிகம், அந்தக் கனம் பேலோடிலிருந்துதான் கழியும். எல்லா வசதியும் போட்ட 250 டீசலைவிட, எளிமையான 250 பெட்ரோல் வண்டியின் ஸ்டிக்கரில் பெரிய எண் இருப்பது சகஜம். விலை பேசும் முன் கதவைத் திறந்து பாருங்கள். ட்ரெய்லர் வாங்கிய பிறகு, சாமான் ஏற்றி டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடையில் ஒரு முறை ஏற்றி இறக்குங்கள். அச்சுவாரியாக எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள், வாக்குவாதம் முடிந்துவிடும்.

அண்ணை, என்ரை ராம் 2500க்கு ஆறடி நாலு இன்ச் பெட். சிலைடர் ஹிட்ச் கட்டாயம் வேணும் எண்டு ஒருத்தர் சொல்லுறார், தேவையில்லை எண்டு இன்னொருத்தர். சாதாரண ஹிட்சை விட அது கனக்க விலை. ஆர் சொல்லுறது சரி?
– வாசகர், ஸ்கார்பரோ

தம்பி, அளவு நாடாவைக் கேளுங்கள். சிலைடர் என்பது தேவைப்படும்போது பின்னால் சறுக்கி, கேபினுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் இடம் தரும் ஹிட்ச். ட்ரெய்லர் எட்டு அடி அகலம் என்றால் பாதி 48 இன்ச், எட்டரை அடி என்றால் 51. ஹிட்சின் நடுவிலிருந்து கேபினின் பின்கண்ணாடி வரை உங்களுக்கு அவ்வளவு இடம் கிடைக்காது. எட்டடி பெட்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, பெட் நீளத்தில் மிச்சப்படுத்தியவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

அதோடு பாதி அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது. கிங் பின்னுக்கு முன்னால் ட்ரெய்லர் மூக்கு எவ்வளவு நீண்டிருக்கிறதோ, அந்த அளவுக்கு மூலை தூரமாகப் போகும், திரும்பும்போது கண்ணாடியை உடைப்பது அந்த மூலைதான். அதனால்தான் இப்போது வரும் பல ட்ரெய்லர்களில் மூக்கின் இரண்டு பக்கமும் செதுக்கி வளைத்திருக்கிறார்கள், சிலவற்றில் கிங் பின்னைத் தாங்கும் பெட்டியை முன்னால் நீட்டியிருக்கிறார்கள். உங்கள் ட்ரெய்லர் அப்படிப்பட்டதா, சப்பை மூக்கா? சப்பை மூக்கு என்றால் சிலைடர் சொன்னவர் சரி, செதுக்கிய மூக்கு என்றால் மற்றவர் பெரும்பாலும் சரி.

ஹைவேயில் இது ஒருபோதும் இடிக்காது. முகாம் இடத்தில், இருட்டில், பின்னால் ஒருவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்த, நீங்கள் 90 டிகிரிக்கு ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் இடிக்கும். கையால் இயக்கும் சிலைடரில் அதற்கு முன் வண்டியை நேராக நிறுத்தி, ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்து, பூட்டை விடுவித்து, டிரக்கை மெல்ல முன்னால் நகர்த்த வேண்டும். ஹிட்ச் பின்னால் சறுக்கிக் கிட்டத்தட்ட ஓரடி இடம் தரும். ஊர் திரும்பும் முன் மறுபடி அச்சுக்கு மேல் கொண்டுவந்து பூட்ட வேண்டும். தானாகச் சறுக்கும் வகையில் இந்த வேலை இல்லை, ஆனால் கனமும் விலையும் ஏறும். வருடத்துக்கு நாலைந்து பயணம் போகிறவருக்குக் கையால் இயக்குவதே போதும் என்பது என் கருத்து.

என் டொயோட்டா டகோமாவில் சின்ன ஃபிஃப்த் வீல் ஹிட்ச் பொருத்த முடியுமா?
– வாசகர், சியாட்டில்

வேண்டாம். பேலோட் போதாது, பெட் தரையும் இரும்பல்ல, கூட்டுப்பொருள். பின்னால் பந்தில் கொளுவும் ட்ரெய்லரிலேயே நல்ல நல்ல மாடல்கள் இருக்கின்றன.

என் கணவர் புது டிரக்கின் பெட்டில் ஓட்டை போடப் போகிறேன் என்று டிரில்லோடு நிற்கிறார். கடன்கூட இன்னும் கட்டி முடிக்கவில்லை. ஓட்டையே போடாமல் வழி இல்லையா?
– வாசகி, நியூ ஜெர்சி

டிரில்லை வாங்கி வைத்துக்கொண்டு, அவரைப் பெட்டுக்குள் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். தரையில் நாலு மூடிகளும் நடுவில் ஒன்றும் தெரிந்தால், ஓட்டையைக் கம்பெனியே போட்டுக் கொடுத்திருக்கிறது. ஃபோர்டு, ராம், ஜிஎம் மூன்றும் கனரக பிக்கப்புகளில் கூடுதல் பேக்கேஜாக இதைத் தருகின்றன, பக் சிஸ்டம் என்பார்கள். மூடியைக் கழற்றினால் கீழே ஃப்ரேமோடு சேர்ந்த கனத்த இரும்பு. ஹிட்சின் நாலு காலையும் அதில் இறக்கிப் பூட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் இடைவெளி வேறு, ஃபோர்டுக்கு வாங்கிய ஹிட்ச் ராமில் அப்படியே உட்காராது, இதை மட்டும் கவனித்து வாங்கச் சொல்லுங்கள்.

மூடி இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. பெட்டின் நடுவில் பந்து நிற்கும் கூஸ்நெக் அமைப்பை அடியில் பொருத்தினால் மேலே நடுவில் ஒரே ஒரு பெரிய ஓட்டைதான். பி அண்ட் டபிள்யூ கம்பெனியின் கம்பேனியன் ஹிட்ச் அந்த ஓட்டையில் ஒற்றைக் காலில் நிற்கும். ஆண்டர்சன் என்ற கம்பெனி அலுமினியத்தில் ஒன்று செய்கிறது, ஒருவரே தூக்கி வெளியே வைத்துவிடலாம். மற்ற ஹிட்சுகளுக்கு இரண்டு பேராவது வேண்டும், இல்லையென்றால் கராஜ் கூரையில் ஒரு கப்பி.

ஆனால் கிங் பின்னில் நீளமான குழாய் மாட்டி நேரே கூஸ்நெக் பந்தில் உட்காரவைக்கும் அடாப்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதை வாங்க விடாதீர்கள். இழுவிசை கிங் பின்னுக்குக் கீழே ஓரடிக்கு மேல் தள்ளிப் போகும்போது நெம்புகோல் மாதிரி ட்ரெய்லர் ஃப்ரேமைப் பிடுங்கும். இதைப் போட்டால் வாரண்டி கிடையாது என்று கைவிரிக்கும் ட்ரெய்லர் தயாரிப்பாளர்கள் உண்டு.

பழைய சில்வராடோ 2500, எட்டடி பெட். ரெயில் கிட் வாங்கிவிட்டேன். பேலோட் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. மேலிருந்து துளைக்கும்போது கீழே எதையாவது குத்திவிடுவேனோ என்று பயம். எப்படி ஆரம்பிப்பது?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பயம் நல்லது. மற்றவர்களுக்கு: ரெயில் என்பது பெட் தரையில் போல்ட் போட்டு இறுக்கும் இரும்புத் தண்டு, ஹிட்ச் அதன் மேல்தான் உட்காரும். அந்த வண்டியில் ஓட்டுநர் பக்கம், அச்சுக்கு முன்னால் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. ஃப்ரேமை ஒட்டி பிரேக் பைப், ஒயர் கட்டு, இன்னொரு பக்கம் புகைக் குழாய். எனவே வேலை மேலிருந்து அல்ல, கீழிருந்து ஆரம்பிக்கிறது. ஸ்டெப்னியை இறக்கி எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்கும். உங்கள் வண்டிக்கென்றே வரும் பிராக்கெட்டுகளை ஃப்ரேமில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் லூசாக மாட்டுங்கள். ஃப்ரேமில் புதுத் துளை போடாதீர்கள், வெல்டிங்கும் வேண்டாம், பெட் தரையில் போடுவது மட்டும்தான் நம் வேலை.

பெட்டில் ரெயில் உட்காரும் இடத்தைக் கையேடு பெட்டின் பின் விளிம்பிலிருந்து அளந்து சொல்லும். இரண்டு பக்கமும் அளந்து, மூலைவிட்டமும் சமமா என்று பார்த்துக் குறியிடுங்கள், அரை இன்ச் கோணல் என்றால்கூட ஹிட்ச் உட்காரும்போது தெரிந்துவிடும். குறியில் பஞ்ச் அடித்து, முதலில் சின்ன பிட்டால் ஒரு துளை. கீழே படுத்துப் பாருங்கள், பிராக்கெட்டுக்கு நேராக வந்திருக்கிறதா, பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று. சரியென்றால்தான் பெரிய பிட். பிட்டில் ஒரு மரத்துண்டைக் கோர்த்து, தரைத் தகட்டின் தடிமனுக்குச் சற்றே அதிகமாக மட்டும் முனை நீட்டியிருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், தகடு அறுந்ததும் டிரில் சரேலென்று இறங்காது. துளையின் ஓரத்தைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, காய்ந்த பிறகு போல்ட். ஃபீனிக்ஸில் துரு பெரிதில்லைதான், ஆனாலும் இரண்டு நிமிட வேலை.

பெட் தரை மேடு பள்ளமாக இருக்கும் அல்லவா, கிட்டில் வரும் யூ வடிவ இரும்புத் துண்டுகள் அந்தப் பள்ளத்தில் போல்டைச் சுற்றிப் போடுவதற்கு. பலர் என்னவென்று தெரியாமல் ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் முறுக்கினால் தகடு நசுங்கும், நசுங்கிய இடத்தில் போல்ட் லூசாகும். இதே காரணத்துக்காகத்தான் ரெயிலுக்கு அடியில் ரப்பர் விரிப்பு கூடாது, பிளாஸ்டிக் லைனர் இருந்தால் அந்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டும். ஸ்ப்ரே அடித்த லைனர் பரவாயில்லை.

கடைசியாக முறுக்கும்போது ஒரு யுக்தி: ரெயில்களை முறுக்கிவிட்டு ஹிட்சை இறக்கப் பார்க்காதீர்கள். ஹிட்சை ரெயிலில் உட்காரவைத்து, அதைப் பூட்டும் பின்களை மாட்டி, அது நிற்கும் இடைவெளியிலேயே முறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலை வேண்டாம், கையேட்டில் உள்ள எண்ணுக்கு முறுக்கி, முதல் பயணம் முடிந்து வந்ததும் மறுபடி பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இதே வேலையை 2017க்குப் பிந்தைய ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு, உங்கள் பெட் அலுமினியம். அலுமினியமும் இரும்பும் நேரடியாக ஒட்டி, நடுவில் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். துளை ஓரங்களிலும் ரெயில் அடியிலும் நல்ல பூச்சு அவசியம், முக்கியமாகப் பனிக்காலத்தில் உப்பு போடும் ஊர்களில்.

அப்புறம் ஒயர். பம்பரில் இருக்கும் 7 பின் சாக்கெட் வரை ட்ரெய்லர் ஒயரை டெயில்கேட்டுக்கு மேல் இழுத்துப் போகாதீர்கள். பெட்டுக்குள் இரண்டாவது சாக்கெட் வைக்க, வெட்டி ஒட்டாமல் இடையில் கோர்க்கும் ஹார்னஸ் கிடைக்கிறது.

லீவர் மூடிவிட்டது என்றால் கிங் பின் பூட்டிவிட்டது என்று நம்பலாமா? டிரக் பெட்டின் இரண்டு பக்கமும் நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறேன்.
– வாசகர், சான் ஹோசே

நம்பக் கூடாது. நீங்கள் பார்த்த நசுங்கலுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம், கிங் பின் தாடைக்குள் போகாமல் தாடைக்கு மேலே உட்கார்ந்திருப்பது. பார்ப்பதற்குச் சேர்ந்த மாதிரியே இருக்கும். டிரக் நகர்ந்ததும் ட்ரெய்லர் நழுவி பெட்டின் பக்கச் சுவர்கள் மேல் விழும். இதைத் தவிர்க்க, ரிவர்ஸ் வரும்போது ட்ரெய்லரின் தட்டு ஹிட்ச் தட்டைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும், டிரக் அதை லேசாகத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைவது மாதிரி. டெயில்கேட் அப்போது இறங்கியிருக்கட்டும். பூட்டியதும் டார்ச் அடித்துப் பாருங்கள், இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது, தாடை பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும்.

அதன் பிறகும் ட்ரெய்லரின் முன்கால்களை மடக்க அவசரப்படாதீர்கள். கால்கள் தரையைத் தொட்டபடி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கேபினில் இருக்கும் கண்ட்ரோலரால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்து, டிரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். பூட்டாமல் இருந்தால் இப்போதே கழன்றுவிடும், ட்ரெய்லரும் தன் காலிலேயே நிற்கும். ட்ரெய்லர் கழன்று ஓடினால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கேபிளை ஹிட்சில் மாட்டாதீர்கள், டிரக்கில் மாட்டுங்கள். ஹிட்சே பிய்த்துக்கொண்டு போனால் கேபிளும் கூடவே போய்விடும் அல்லவா? பெட்டின் பக்கச் சுவருக்கும் ட்ரெய்லர் அடிப்பக்கத்துக்கும் ஆறு இன்ச்சாவது இடைவெளி வேண்டும், மேடு பள்ளத்தில் இது சட்டென்று காணாமல் போகும்.

நீங்கள் கலிஃபோர்னியா என்பதால் இன்னொன்று. 10,000 பவுண்டுக்கு மேல் 15,000 வரை உள்ள ஃபிஃப்த் வீலுக்கு உங்கள் கிளாஸ் சி உரிமத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும், 15,000ஐத் தாண்டினால் நான்-கமர்ஷியல் கிளாஸ் ஏ.

தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். எங்கள் லாரியில் இருப்பதும் இதுவும் ஒன்றா அண்ணே?
– வாசகர், தூத்துக்குடி

ஒன்றேதான் தம்பி. கண்டெய்னர் ட்ரெய்லர்களில் பரவலாக இருக்கும் 50 மில்லிமீட்டர் பின்னும் இவர்களின் 2 இன்ச் பின்னும் அண்ணன் தம்பி. இவர்களுடைய தட்டு சின்னது, இரும்பு மெலிசு. உங்களுக்குக் காற்று பிரேக், இவர்களுக்கு மின்சார பிரேக். நீங்கள் தட்டில் கிரீஸ் அப்புவீர்கள், இங்கே பலர் அதற்குப் பதில் பின்னில் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் வட்டத் தகட்டை மாட்டிவிடுகிறார்கள், அதைப் போட்டால் தட்டுக்குக் கிரீஸ் தேவையில்லை, தாடைக்கு மட்டும் கொஞ்சம் போதும்.