கழுதை வாங்கியவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும்

இந்த மாதக் கடிதக் கட்டைப் பிரித்தால் பாதி கழுதை. துணி மூட்டை சுமந்த கழுதைகள் டெல்டா ஊர்களை விட்டுப் போய் வெகு நாளாயிற்று. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 3 லட்சத்துக்கு மேல் இருந்தவை, 2019-ல் 1.2 லட்சத்துக்கு வந்துவிட்டன. நம் பக்கத்துப் பண்ணைகளுக்கு அவை திரும்ப வருகின்றன என்றால் சந்தோஷம்தான். ஆனால் எழுதியவர்களில் பலர் கழுதையைக் கொம்பில்லாத மாடு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கேதான் வில்லங்கம்.

ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. ஆசைக்கு ஒரே ஒரு கழுதை வாங்கிக் கட்டலாமா? (வலங்கைமான்)

இரண்டாக வாங்குங்கள். ஒன்றுக்குத்தான் இடமும் காசும் இருக்கிறது என்றால் வாங்காதீர்கள். கழுதை ஜோடி சேர்ந்து வாழ்கிற பிராணி. ஏற்கெனவே ஒன்றாகத் திரிந்த இரண்டைப் பிரிக்காமல் வாங்குவதே உத்தமம். இரண்டு பெட்டை இருக்கலாம், அல்லது ஒரு பெட்டையும் காயடித்த ஆணும் இருக்கலாம். காயடிக்காத ஆண் கழுதை புதிதாக வளர்ப்பவருக்கு ஆகாது. கடித்தால் சதை பிய்ந்துவிடும்.

கழுதை வந்து மூன்று நாள் ஆகிறது. இரண்டு நாளாக வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. புது இடம் பழகினால் சரியாகிவிடுமா? (திருவையாறு)

இதைக் கடிதமாக எழுதி, உறையில் போட்டு, தபாலில் சேர்த்திருக்கிறீர்கள்! உங்கள் கழுதை பிழைத்திருந்தால் அது அதன் ஆயுசு கெட்டி.

மற்றவர்களாவது கேட்டுக்கொள்ளுங்கள். மாடு ஒரு நாள் இரை எடுக்காவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருப்பீர்கள். கழுதையிடம் அந்தக் கணக்கு செல்லாது. அது தின்பதை நிறுத்தினால் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் இறங்கும். ஒரு குழாயில் ரத்தம் எடுத்துக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால், தெளிந்து நிற்க வேண்டிய மேல்நீர் பால் வெள்ளையாக நிற்கும். அந்த நிலைக்குப் போய்விட்டால் கல்லீரல் தாங்காது, காப்பாற்றுவது கடினம். கொழுத்த கழுதைக்கும் சினைக் கழுதைக்கும் பால் கொடுக்கிற கழுதைக்கும் ஆபத்து அதிகம். வண்டிப் பயணம், துணையைப் பிரிந்தது, தீவனம் மாறியது என்று புதிதாக வந்த கழுதைக்கு மூன்று காரணமும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன.

அதனால் ஒரு நாள் தின்னவில்லை என்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவர். கொண்டுபோக முடியாவிட்டால் 1962-க்கு அழையுங்கள், ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும். கழுதை வயிற்று வலிக்கு உருண்டு புரண்டு ஆர்ப்பாட்டம் செய்யாது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். "சாதுவாக நிற்கிறது" என்று நீங்கள் சந்தோஷப்படுகிற நேரத்தில்தான் அது சாகக் கிடக்கும்.

இன்னொன்று. வாங்கும்போதே, விற்கிறவர் போடுகிற அதே தீவனத்தைப் பத்து நாளுக்குக் கேட்டு வாங்கி வாருங்கள். புதுத் தீவனத்தை அதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

மாடுகளுக்குக் கழுநீர், தவிடு, புண்ணாக்கு வைக்கிறோம். கழுதைக்கும் அதையே வைக்கலாமா? எவ்வளவு? (மன்னார்குடி)

மாட்டுக்கு வைக்கிற மாதிரி வைக்கக் கூடாது. சோறு போட்ட கழுநீர் கழுதைக்கு வயிற்று வலி, அப்புறம் குளம்பு வீக்கம். பொங்கலுக்கு மிஞ்சிய சோற்றை அள்ளிக் கொட்டிவிட்டு, "கழுதை நடக்கமாட்டேன் என்கிறது" என்று தை மாதத்தில் வருகிறவர்கள் உண்டு.

நம் நாட்டுக் கழுதை 100 கிலோ சுமார் இருக்கும். அதற்கு ஒரு நாளைக்கு 2 கிலோ போல உலர்ந்த தீவனம் போதும். பெரும்பங்கு வைக்கோல், மீதி அருகம்புல், வரப்புப் புல். தவிட்டைக் கையளவோடு நிறுத்துங்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம். கோ-4 மாதிரி நேப்பியர் புல்லை மட்டுமே அறுத்துப் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து குறையும், ஏனென்றால் அதிலிருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்பை உடம்பில் ஒட்டவிடாது. தவிடும் நேப்பியருமாக வளர்த்தால் எலும்பு கெட்டு முகம் உப்பும். தாது உப்பு வையுங்கள். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். மாடு வாய் வைத்த கலங்கல் தண்ணீரைக் கழுதை தாகத்தோடு நின்றாலும் குடிக்காது.

வைக்கோல் விஷயத்தில் ஒரு வார்த்தை. அறுவடை இயந்திரம் போன பிறகு ஈரத்தோடு சுருட்டின கட்டு உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். கட்டைப் பிரித்து நடுவில் கைவிட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, தூசியாக வெள்ளை பறந்தாலோ அது கழுதைக்கு ஆகாது. நுரையீரல் போய்விடும்.

கோழித் தீவனம் மட்டும் கூடவே கூடாது. கோழிக் கொட்டகையும் கழுதைக் கொட்டகையும் ஒட்டி இருக்கிற பண்ணைகளுக்கு இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்வேன். ரத்தக் கழிச்சலுக்காக அதில் மோனன்சின், சாலினோமைசின் போன்ற மருந்தைக் கலப்பார்கள். கோழிக்கு மருந்தாக இருப்பது கழுதையின் இதயத்தைக் கெடுக்கும். அதற்கு முறிவு மருந்து கிடையாது.

ஐப்பசி அடைமழையில் கழுதை நனைந்தால் ஒன்றும் ஆகாது என்கிறார் விற்றவர். உண்மையா? (குடவாசல்)

விற்றவர் வேறென்ன சொல்வார்? கழுதை வறண்ட தேசத்துப் பிராணி. அதன் ரோமம் தண்ணீரைத் தள்ளாது, உறிஞ்சிக்கொள்ளும். குளம்பும் அப்படித்தான், சேற்றில் நின்றால் ஊறிப் பஞ்சாகும். அடியில் கறுத்து நாற்றமெடுக்கும். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்கிறோமே, அந்தச் சுவரோரம்தான் தரை காய்ந்திருக்கிறது, சாரலும் அடிக்காது. அதற்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

வயல் மட்டத்தில் கட்டாதீர்கள். திடல் இருந்தால் திடலில், இல்லாவிட்டால் இரண்டடி மண்ணடித்து மேடாக்கி, மூன்று பக்கம் அடைத்த கொட்டகை. வடகிழக்கிலிருந்து சாரல் வரும், அந்தப் பக்கத்தைத் திறந்து விடாதீர்கள்.

லாடம் கட்ட வேண்டுமா? (பாபநாசம்)

மண்ணில் நடக்கிற கழுதைக்கு வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவிவிட வேண்டும். வந்த நாளிலிருந்து காலைத் தொட்டுத் தூக்கிப் பழக்குங்கள். முன்னங்காலைத் தளை போட்டுக் கட்டாதீர்கள். கயிறு அறுத்த புண்ணில் ரண ஜன்னி (டெட்டனஸ்) வந்தால் பெரும்பாலும் சாவுதான். வந்தவுடன் அதைத் தடுக்கிற டி.டி. ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று.

முதல் முறையாகக் கழுதைப் பண்ணை. ஒரு நிறுவனம் பத்துக் கழுதை தருகிறார்கள், ஒன்று ஒன்றரை லட்சம். பாலை லிட்டர் 1,600 ரூபாய்க்கு அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். நிலத்தை அடகு வைக்கலாமா? (பேராவூரணி)

வைக்காதீர்கள்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதாமாதம் வருகிறது. தொகையும் ஊரும் மாறும், கதை மாறுவதில்லை. முதலில் ஒரு கூட்டம் போடுவார்கள், கிளியோபாட்ரா கழுதைப் பாலில் குளித்த கதை சொல்வார்கள். சோப்பு, முகக் களிம்பு, வெளிநாட்டு ஆர்டர். ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து, முன்பணம். இரண்டு மூன்று மாதம் பாலுக்குக் காசும் வரும். பிறகு "ஏற்றுமதி நின்றிருக்கிறது, உறைய வைத்து வைத்திருங்கள்" என்பார்கள். ஐஸ் பெட்டி நிறையப் பாலும் வாசலில் பத்துக் கழுதையும் உங்களுக்கு மிச்சம். இப்படி ஏமாந்த தமிழ்நாட்டு, ஆந்திர, கர்நாடக விவசாயிகள் 2024-ல் வெளியே வந்து பேசினார்கள், எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அப்படியும் கேட்கிறீர்கள்.

சரி, ஏமாற்று என்பதையே விடுங்கள். நேர்மையானவர் என்றே வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள். கழுதையின் மடி சின்னது. பாலைத் தேக்கி வைக்காது. குட்டி பக்கத்தில் நின்றால்தான் சுரக்கும். குட்டியைச் சில மணி நேரம் பிரித்துக் கட்டி, பிறகு காட்டிக் கறந்தால் ஒரு வேளைக்கு ஒரு டம்ளர். நாளெல்லாம் கறந்தாலும் குட்டிக்குப் போக அரை லிட்டர் தேறினால் பெரிது. சினைக் காலம் ஒரு வருஷம். ஆக, பத்தில் எந்த நேரத்திலும் நாலைந்துதான் கறவையில் இருக்கும். நாளைக்கு 2 லிட்டர். பத்துக்கும் தீவனம், ஆள் கூலி, மருந்து மட்டும் நிற்காது. செத்த குட்டியின் தாய் கறக்காது என்பதையும் கூட்டத்தில் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அந்த 2 லிட்டரை அவர்கள் வாங்காவிட்டால் யாரிடம் விற்பீர்கள்? ஆவின் வாங்காது. கும்பகோணம் டீக்கடை வாங்காது. வாங்குகிறவர் ஒருவர்தான் என்றால் விலை அவர் வாயில்தான் இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு வாங்கிய கழுதையைத் திரும்ப விற்கப் போனால் கழுதை தேய்ந்து கட்டெறும்பு.

"அரசு மானியம் உண்டாமே" என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். உண்டு. தேசிய கால்நடை இயக்கத்தில் குதிரை, கழுதை, ஒட்டகப் பண்ணைக்கு 50 சதவீதம், 50 லட்சம் வரை என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. மானியம் கொட்டகை கட்ட உதவும், பாலுக்கு ஆள் பிடித்துத் தராது. கழுதை பிடித்துப்போய் வளர்க்கிறவர் வளருங்கள். வட்டிக்கு வாங்கி வளர்க்காதீர்கள்.

பேரன் பிறந்து பத்து நாள். குரல் நன்றாக வரும் என்று கழுதைப் பால் ஒரு பாலாடை புகட்டச் சொல்கிறார் அப்பாயி. (மயிலாடுதுறை)

வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தெருவில் கறந்த பச்சைப் பால் பச்சைக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும். அப்பாயியிடம் டாக்டர் திட்டினார் என்று என் பேரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்கிடையில் கழுதை விட்டால் தெருநாய் வராது என்று வீடியோவில் பார்த்தேன். (திருத்துறைப்பூண்டி)

பாதி உண்மை. கழுதைக்கு நாய் என்றாலே ஆகாது, ஒன்றிரண்டு நாய் வந்தால் துரத்திக்கொண்டு ஓடும். பத்து நாய் கூட்டமாக வந்தால் அதுவும் இரைதான். பட்டி வேலியைப் பலமாகப் போட்டுவிட்டு, கழுதையை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். குட்டியிலிருந்தே ஆடுகளோடு பழகிய பெட்டையோ, காயடித்ததோ ஆக வேண்டும். ஆடு குட்டி போடுகிற சமயத்தில் பிரித்துக் கட்டுங்கள், சில கழுதைகள் ஆட்டுக்குட்டியை மிதித்துக் கொன்றுவிடும். உங்கள் வீட்டு நாய்க்கும் அதே மரியாதைதான் கிடைக்கும், முன்கூட்டியே பழக்குங்கள்.

ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிற சூபாபுல் தழையைக் கழுதை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். வாய்க்காலோரத்து நெய்வேலிக் காட்டாமணக்கு, வேலியோர அரளி இரண்டையும் மேயும் இடத்தில் வைக்காதீர்கள். ஆட்டுக்குக் குச்சித் தீவனம் வாங்குகிறவர்கள் மூட்டையில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று படித்துவிட்டு வையுங்கள். காரணம் மேலே கோழித் தீவனத்தில் சொன்னதுதான்.

மாட்டுக்குக் கலக்கிய உண்ணி மருந்து மிச்சம் இருந்தது. கழுதைக்கும் அடித்துவிட்டேன். (நீடாமங்கலம்)

அடித்துவிட்டுக் கேட்கிறீர்கள். அமிட்ராஸ் என்றால் உடனே கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குதிரை, கழுதைக்கு அது குடல் ஓட்டத்தை நிறுத்திவிடும். விட்டை போடுகிறதா என்று கவனியுங்கள். கழுதை மாடு அல்ல, எத்தனை தடவை சொல்வது.

உர மூட்டை ஏற்றலாமா? (ஒரத்தநாடு)

மிருகவதைத் தடைச் சட்டத்தின் 1965-ம் ஆண்டு விதிப்படி கழுதைக்கு உச்சம் 50 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ. விதி விடுகிறதே என்று ஏற்றாதீர்கள். 100 கிலோ கழுதைக்கு 30 கிலோ போதும். முதுகுத்தண்டில் படாமல் சாக்கு மெத்தை போட்டு இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கட்டும். நான்கு வயதுக்கு முன் எதுவும் ஏற்ற வேண்டாம்.

இளங்கழுதை, மூன்று வயதுதான் என்கிறார் வியாபாரி. எப்படித் தெரிந்துகொள்வது? (நன்னிலம்)

முன்பல்லைப் பாருங்கள். இரண்டரை வயதில் நடுப்பல் இரண்டும் விழுந்து முளைக்கும், மூன்றரையில் அடுத்த ஜோடி, நாலரையில் கடைசி ஜோடி. எல்லாமே பெரிய பல்லாக இருந்தால் ஐந்துக்கு மேல். அதனால் ஒன்றும் மோசமில்லை, நன்றாக வளர்த்தால் முப்பது வருஷம் இருக்கும். பல்லோடு மூக்கையும் பாருங்கள். மூச்சு நன்றாக வரும் என்று மூக்குத் துவாரத்தைக் கீறிவிடுகிற கொடுமை இன்னும் நடக்கிறது. கீறிய மூக்கால் பயன் ஒன்றும் இல்லை, வதைத் தடைச் சட்டப்படி குற்றமும் ஆகும். மூக்கில் சளி, காலில் வரிசையாகப் புண் கட்டி இருந்தால் தொடாமல் திரும்பி வாருங்கள். அது கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகே பணம்.

"என்னைப் பார் யோகம் வரும்" என்று படம் மாட்டுகிறார்களே, நிஜக் கழுதை கட்டினால் யோகம் கூடுமா? (கும்பகோணம்)

படம் தீவனம் கேட்காது.

என் கழுதைக்கு உடம்பு சரியில்லை. நல்ல மருந்தாகச் சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

வயது என்ன, ஆணா பெட்டையா, சினையா, கடைசியாக எப்போது தின்றது, எப்போது விட்டை போட்டது, ஊசி போட்டதா? ஒன்றுமே இல்லை. அஞ்சலட்டையில் இன்னும் இடம் இருந்ததே.