தம்பிக்கு ராசி இல்லை என்று யார் சொன்னது?

வணக்கம் அம்மா. போன வாரம் குடியாத்தத்தில் இருந்து பஸ் பிடித்து, வேலை வழிகாட்டுகிற என்னிடம் வந்து ஒரு மணி நேரம் பேசினீர்கள், ஆனால் கேள்வி ஒன்றுதான். "எங்க பையனுக்கு ராசியே இல்லையா சார்? ஆறு இன்டர்வியூ போய்ட்டான், ஆறும் இல்லைன்னு ஆயிடுச்சு. ஏழரை நடக்குதுன்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டுப் பையன் இவனைவிட மார்க் கம்மி, ரயில்ல யாரையோ பார்த்தானாம், வேலை கிடைச்சிடுச்சாம். இது அதிர்ஷ்டம் இல்லாம வேற இன்னா?" வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்ததால் அன்றைக்குப் பாதி பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். ஆம்பூர், பேரணாம்பட்டு, சத்துவாச்சாரி என்று எங்கிருந்து வருகிற பெற்றோரும் இதையே கேட்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று நீங்கள் சம்மதித்ததால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

அதிர்ஷ்டம் என்று ஒன்று கிடையவே கிடையாது, எல்லாம் உழைப்புதான் என்று மேடையில் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், அது உண்மை இல்லை. தம்பி மெக்கானிக்கல் முடித்தது 2023-ல். அதற்குக் கொஞ்சம் முன்பு வரை, எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சரி என்று ஐடி கம்பெனிகள் கேம்பஸுக்கே வந்து கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்தார்கள். இவன் வெளியே வந்த 2023-24 நிதியாண்டில் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலுமே மொத்த ஊழியர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடக் குறைந்துபோனது. இரண்டு வருடம் முன்னால் பிறந்திருந்தால் இதே மார்க்குக்கு இதே பையன் இன்றைக்குச் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்திருக்கலாம். இதில் அவன் செய்த தப்பு என்ன? அமெரிக்காவில் 1979 முதல் 1989 வரை கல்லூரி முடித்தவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. வேலை இல்லாத வருடத்தில் படிப்பை முடித்தவர்களின் சம்பளம், பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. எந்த வருடம் பிறக்கிறோம், யார் வீட்டில் பிறக்கிறோம் என்பது யார் கையிலும் இல்லை. கைலி நெய்கிற வீட்டுப் பையனுக்கு ஓரகடத்துக் கம்பெனியில் ஒரு மாமா இருக்க மாட்டார். மாமா இருக்கிற பையன் அதையும் தன் திறமைக் கணக்கில் எழுதிக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்காது.

ஆனால் குருட்டு அதிர்ஷ்டம் மட்டுமே முடிவு செய்கிற இடம் நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரிதில்லை. இன்ஜினியரிங் கலந்தாய்வு சமயத்தில் சமவாய்ப்பு எண் வெளியான அன்று என் போன் ஓயாது. "சார், ரேண்டம் நம்பர் சின்னதா வந்திருக்கு, சீட் போச்சா?" அந்தப் பத்து இலக்க எண்ணைக் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறது, அது முழுக்க முழுக்கக் குருட்டு அதிர்ஷ்டம்தான். ஆனால் அது எப்போது வேலைக்கு வரும் தெரியுமா? இரண்டு பேருக்கு 200-க்குக் கட் ஆஃப் ஒன்றாக இருக்க வேண்டும், அப்புறம் கணிதத்தில் மார்க் ஒன்றாக இருக்க வேண்டும், இயற்பியலிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இப்படியே அடுத்தடுத்து எல்லாம் பார்த்து, பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான் கடைசியில் அந்த எண்ணைப் பார்ப்பார்கள். அதாவது மார்க் எல்லாம் ஒன்றாகி, ஒரே நாளில் பிறந்தும் இருக்கிற பிள்ளைகளுக்கு நடுவில் மட்டும். அதை நினைத்து ஒரு வாரம் தூங்காத அப்பாக்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு வாரத்தில் விருப்பக் கல்லூரிப் பட்டியலை உட்கார்ந்து ஒழுங்காகப் போட்டிருந்தால் பிள்ளைக்கு எவ்வளவோ நல்லது நடந்திருக்கும்.

சரி, தம்பியின் ஆறு இன்டர்வியூ கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, இவனை மாதிரிப் பையனுக்கு ஒரு இன்டர்வியூவில் வேலை கிடைக்க இருபதில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இவனை மாதிரியே நூறு பேர், ஆளுக்கு ஆறு இன்டர்வியூ போனால் ஒரு வேலையாவது கிடைப்பது சுமார் 26 பேருக்குத்தான். மீதி 74 பேர் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார்கள், அந்த 74 வீட்டிலும் யாராவது ஜாதகத்தைக் கையில் எடுப்பார்கள். ஆக, ஆறு தடவை போய்க் கிடைக்காதது ராசி இல்லாததற்குச் சாட்சி இல்லை அம்மா, அது சாதாரணமாக நடக்கிறதுதான். இதே நூறு பேர் ஆளுக்கு நாற்பது தடவை முயற்சி செய்தால் 87 பேருக்குக் கிடைக்கும். இன்னும் 13 பேர் பாக்கி இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். ஆமாம், இருக்கிறார்கள். அந்த 87 பேர் செய்தது அத்தனையும் இவர்களும் செய்தார்கள், ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் கிடைக்கவில்லை. அவர்கள் விஷயத்தில் அதிர்ஷ்டம் என்ற சொல்லை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஆறிலேயே நின்றுவிட்டவன் அந்தச் சொல்லை இப்போதே எடுக்க வேண்டாம்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது தடவையும் ஒரே தப்போடு போனால் நாற்பதும் ஒன்றுதான். சில வருடம் முன்பு காட்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "அறுபது கம்பெனிக்கு அனுப்பிட்டேன் சார், ஒருத்தர்கூடக் கூப்பிடலை, எனக்கு எழுதலை" என்றான். ரெஸ்யூமேயை வாங்கிப் பார்த்தேன். பெயர், கீழே முகவரி, அதன் கீழே போன் நம்பர். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இலக்கம்தான் இருந்தது. நண்பனின் ரெஸ்யூமேயை வாங்கி அதன் மேலேயே பெயரை மாற்றி அடித்தபோது கடைசி எண் விழுந்துபோயிருக்கிறது. அந்தக் காகிதத்தை அவன் ஒரு வருடமாகப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறான், ஒருவர்கூட அதைச் சரிபார்க்கவில்லை. யாரோ ஒரு ஹெச்ஆர் அந்த நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்திருப்பார். அந்தப் பையனின் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது பக்கத்து வீட்டுப் பையன். அவன் ரயிலில் யாரையோ பார்த்தான் என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். நானும் தம்பியிடம் துருவித் துருவிக் கேட்டேன். அந்தப் பையன் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் கொஞ்சச் சம்பளத்துக்கு எட்டு மாதமாகக் காலை ரயிலில் வாலாஜா ரோடு வரை போய் வந்துகொண்டிருந்தான். தினமும் அதே பெட்டி, அதே சீசன் டிக்கெட்காரர்கள். அந்தப் பெட்டியில் ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போகிறவர் இருப்பார், அரக்கோணம் போகிறவர் இருப்பார், எந்தக் கம்பெனியில் யார் விலகினார், எங்கே இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்பதெல்லாம் பேப்பரில் வருவதற்கு முன்னால் அங்கே பேச்சில் வந்துவிடும். எட்டு மாதத்தில் ஒரு நாள் ஒருவர், "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே?" என்று கேட்டிருக்கிறார். அதிர்ஷ்டம் என்ற சொல்லுக்கே கண்ணுக்குத் தெரியாதது என்றுதான் பொருள். நம் தெருவுக்குத் தெரிந்தது அந்த ஒரு நாள். அதற்கு முந்தின எட்டு மாதம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

இது நான் சும்மா சொல்கிற சமாதானம் இல்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில், தெரிந்தவர்கள் மூலமாகப் புது வேலை கிடைத்தவர்களைத் தேடிப்பிடித்து, தகவல் சொன்னவரை நீங்கள் எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னது 16.7 சதவீதம் பேர்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றது 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்ப்பவர் என்றது 27.8 சதவீதம். சித்தப்பாவும் உயிர் நண்பனும் வேலை வாங்கித் தருவது குறைவு, அரைகுறையாகத் தெரிந்தவர்தான் அதிகம் உதவுகிறார். யோசித்தால் காரணம் எளிது. நம் வீட்டு மனிதர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும், புதுச் சேதி வெளியில் இருந்துதான் வரவேண்டும். தம்பி இரண்டு வருடமாகப் பார்க்கிற முகங்கள் எத்தனை? நீங்கள், அவன் அப்பா, அக்கா, அவனைப் போலவே வேலை தேடுகிற மூன்று நண்பர்கள். இந்த ஆறு பேரில் யாரிடம் இருந்து புதுச் சேதி வரும்?

எங்கள் தொழிலில் ஜான் கிரம்போல்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். கல்லூரியில் எந்தப் பாடத்தை முதன்மையாக எடுப்பது என்று புரியாமல் தன் டென்னிஸ் பயிற்சியாளரிடம் போய்க் கேட்டிருக்கிறார். பயிற்சியாளர் அந்தக் கல்லூரியிலேயே உளவியல் பேராசிரியர், அதனால் உளவியல் எடு என்றார், இவரும் எடுத்துவிட்டார். அதனாலோ என்னவோ, வாழ்க்கையில் தற்செயல் வந்தே தீரும், அதை வரவேற்கக் கற்றுக்கொள்ளலாம் என்று 1999-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதினார். துருவிப் பார்க்கிற ஆர்வம், விடாப்பிடி, வளைந்து கொடுப்பது, நடக்கும் என்ற நம்பிக்கை, தெரியாத இடத்தில் கால் வைக்கிற துணிச்சல் என்று ஐந்தைச் சொன்னார். தம்பிக்கு விடாப்பிடி இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். வளைந்து கொடுப்பதுதான் இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் கேட்டுப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, "நாத்தம் புடிச்ச வேலை சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் இருக்கிற பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் என்னென்ன ஓடுகிறது என்று அவன் போய்ப் பார்த்ததே இல்லை. பம்பு, வால்வு, தண்ணீரைச் சுத்தம் செய்கிற எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறை, தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிற ஆவியாக்கி, அத்தனையும் மெக்கானிக்கல் படித்தவனுக்கு வேலை கற்றுத்தருகிற இடம். அங்கே இரண்டு வருடம் கை அழுக்காகி வந்தவனை மற்ற ஊர்களிலும் கூப்பிட்டு எடுப்பார்கள்.

உங்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "இவனுக்கு ராசி இல்லை" என்பதை அவன் காதுபடச் சொல்லாதீர்கள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், மனம் உடைந்து வந்த ஒரு பையனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று "உனக்கு இப்ப நேரம் சரியில்லப்பா, பொறுத்துப் பார்" என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை வருடம் கழித்துப் பழைய பஸ் நிலையத்தில் பார்த்தேன். "நீங்க நேரம் சரியில்லைன்னு சொன்னீங்கல்ல சார், அதான் எதுக்கும் போடலை" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னான். அதற்கப்புறம் அவனுக்காக நிறைய அலைந்தேன், ஆனால் போன ஒன்றரை வருடத்தை என்னால் திருப்பித்தர முடியவில்லை. ஏழரைக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று உங்கள் மனதுக்குப் பட்டால் செய்யுங்கள், அது உங்கள் நம்பிக்கை. ஆனால் சனிப் பெயர்ச்சி வரைக்கும் விண்ணப்பம் போடாதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அக்காவைப் பற்றியும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பி.காம் முடித்து நாலு வருடமாக வீட்டில் இருக்கிறாள். வேலூரில் வேலைவாய்ப்பு முகாம் என்றபோது "பொண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்பறது" என்று நீங்களே சொன்னீர்கள். தம்பி ஆறு தடவை போய்த் தோற்றான், அவளுக்கு ஒரு தடவைகூடப் போக வழி இல்லை. அவளுக்கு இன்னும் கிடைக்காததை ராசி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த முகாமுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகட்டும், தனியாக அனுப்பப் பயமாக இருந்தால் நீங்களும் கூட வாருங்கள்.

வேலூரில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது, போட்டித் தேர்வுக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறார்கள், அக்காவுக்கு அது நன்றாகப் பொருந்தும். தம்பிக்கு முதலில் நான் சொல்வது ஒரு வருட அப்ரண்டிஸ். மத்திய அரசின் நாட்ஸ் (NATS) என்ற அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் பட்டம் முடித்து ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள் பதிவு செய்யலாம், 2023-ல் முடித்தவன் என்பதால் இவனுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, ஆனால் அது நாளுக்கு நாள் குறைகிற அவகாசம். உதவித்தொகை சம்பளம் அளவுக்கு இருக்காது, அவன் அப்பா முகம் சுளிப்பார், அவரிடம் நான் பேசுகிறேன். பணத்தைவிட அங்கே அவனுக்குக் கிடைக்கப்போகிற முப்பது நாற்பது புது மனிதர்கள் முக்கியம். அப்புறம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். எந்தத் தேதியில் எந்தக் கம்பெனிக்குப் போட்டான், யாரிடம் பேசினான், என்ன பதில் வந்தது, எதில் தடுமாறினான் என்று அன்றன்றைக்கு ஒரு வரி எழுதட்டும். அந்த ஆறு இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று நான் கேட்டபோது அவனுக்கு இரண்டுதான் நினைவில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வேறு யாரும் இல்லை. தம்பியையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூன்று பேரும் சேர்ந்தே பேசலாம். அவனுடைய ரெஸ்யூமேயையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்னால் அதில் இருக்கிற நம்பருக்கு உங்கள் போனில் இருந்து ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.