விண்வெளி ஆய்வைக் கொண்டு, பூமியின் வளம் காப்பதை இளையோருக்குக் கற்பிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். எங்கள் பகுதியில் அதற்குத் தண்ணீர்க் குடத்தைவிட நல்ல தொடக்கம் கிடையாது. திருவொற்றியூரில் ஒரு தெரு நூலகத்தில், ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைகளில் ஆறு ஆண்டுகளாக அறிவியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு வடக்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் மொட்டைமாடியில் நின்றே ராக்கெட் எழும்புவதைப் பார்க்கலாம். பழவேற்காட்டுப் பக்கம் உறவினர் உள்ள பிள்ளைகளுக்கு, ஏவும் நாளில் அந்தக் கடலில் மீன்பிடிக்கப் போகக் கூடாது என்று வரும் அறிவிப்பும் பழக்கமானது. ஆகவே இங்கே ஆர்வத்தை மூட்டப் பெரிதாகப் பாடுபட வேண்டியதில்லை. மேலே போன கண்ணைக் கீழே திரும்பிப் பார்க்கச் செய்வதுதான் கடினம். 'நிலைத்த வளர்ச்சி' என்பதற்கு விளக்கம் கேட்டால் பாடநூலில் உள்ளதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கிறோம், எவ்வளவு திரும்பி வருகிறது என்று அந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு இருப்பது மட்டும் அவர்களுக்குத் தட்டுப்படுவதில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அந்தக் கணக்கு பளிச்சென்று தெரியும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்த நிலையத்தில், குடிக்க, உணவு தயாரிக்க, உடலைத் துடைத்துக்கொள்ள என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் தண்ணீர்தான் தேவைப்படுகிறது. இதைச் சொல்வதற்கு முன், ஒரு பிளாஸ்டிக் குடத்தை லிட்டர் பாட்டிலால் நிரப்பி அளக்கச் சொன்னேன். பதினைந்து பாட்டில் பிடித்தது. அதாவது, ஒரு குடம் தண்ணீர் ஒரு விண்வெளி வீரருக்குக் கிட்டத்தட்ட நான்கு நாளுக்குப் போதும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் குடம் வைத்துப் பழகிய எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அப்ப எங்க வீட்டு எட்டுக் குடமும் எங்க மிஸ் போவுது?" என்று கேட்டாள். அதே கேள்வியை நான் கேட்டிருந்தால் அது அறிவுரையாகப் போயிருக்கும். அடுத்த வாரம் குளியல், துணி, பாத்திரம், கழிப்பறை என்று நோட்டில் பிரித்து எழுதி வந்தாள். கழிப்பறைக்கு மட்டும் இரண்டரைக் குடம் என்பதை அவளே சிவப்பு மையால் சுழித்திருந்தாள்.

அதன் பிறகுதான் மறுசுழற்சி பற்றிப் பேசினேன். சிறுநீர், வியர்வை, மூச்சில் வெளியேறும் ஈரம் ஆகிய அனைத்தையும் பிடித்துத் தூய்மையாக்கி, 98 விழுக்காடு தண்ணீரை மீட்கும் நிலையை விண்வெளி நிலையம் எட்டிவிட்டதாக 2023இல் நாசா அறிவித்தது. பிள்ளைகள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். சுளிக்கட்டும் என்று சற்று நேரம் விட்டுவிட்டு, நம் கொடுங்கையூரிலேயே நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மையாக்கி ஆலைகளுக்கு அனுப்பும் திறனுள்ள நிலையம் இருப்பதைச் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீரை வாங்கும் ஆலை, அந்த அளவுக்குக் குடிநீரில் கைவைக்காமல் இருக்கிறது. குப்பைமேட்டுக்காக மட்டுமே பேசப்படும் ஓர் ஊரின் பெயரை, விண்வெளி நிலையம் செய்யும் அதே வேலையோடு சேர்த்துக் கேட்டபோது, அங்கிருந்து வரும் இரண்டு பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

இரண்டாவதாக நான் நம்புவது செயற்கைக்கோள் படங்களை. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது, முந்தைய ஆண்டின் புழல் ஏரியையும் அந்த ஆண்டின் புழல் ஏரியையும் அருகருகே வைத்த செயற்கைக்கோள் படங்கள் உலகெங்கும் வெளியாயின. சென்டினல்-2, லேண்ட்சாட் ஆகிய செயற்கைக்கோள்களின் படங்களை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்; லேண்ட்சாட் வரிசையின் பதிவு 1972லேயே தொடங்கிவிட்டது. சென்டினல் படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர்; எங்கள் நூலகம் ஒரு புள்ளிகூட ஆகாது. வெவ்வேறு ஆண்டுகளின் புழல் ஏரிப் படங்களை ஒரே அளவில் அச்சிட்டு, மேலே டிரேசிங் தாளை வைத்து நீரின் ஓரத்தை வரைந்து, அதை வரைபடத்தாளில் பதித்துக் கட்டங்களை எண்ணச் சொல்வேன். 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவு என்று செய்தித்தாளில் படிப்பதைக் காட்டிலும், நூறு கட்டம் இருந்த இடத்தில் ஏழு கட்டம்தான் மிஞ்சியது என்று தன் விரலால் எண்ணுவது ஒரு பிள்ளையை வேறு விதமாகத் தொடுகிறது.

எண்ணூர்க் கழிமுகத்தின் படத்தை விரித்த நாளில், ஒரு மாணவனை அழைத்துப்போக வந்த அவனுடைய பாட்டி நின்று பார்த்தார். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில், சதுப்பின் பச்சைக்கு நடுவே வெளிர்சாம்பல் நிறத்தில் பரந்த திட்டைத் தொட்டு, "இங்கதான் கண்ணு, இடுப்பளவு தண்ணில நின்னு இறால் தடவுவோம். இப்போ காலு சாம்பல்ல பொதையுது" என்றார். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிவதைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்தப் பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக இருந்திருக்க மாட்டார்கள். படத்தோடு அந்த இடத்தில் வாழ்ந்தவரையும் உட்கார வையுங்கள் என்று அன்றிலிருந்து எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லி வருகிறேன்.

காசிமேட்டுப் பிள்ளைகளிடம் கடலிலிருந்து தொடங்கலாம். கடற்பரப்பின் வெப்பத்தையும், மீனுக்கு இரையாகும் நுண்பாசிகளின் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள்கள் அளந்து தர, ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடக்கூடிய இடங்களைக் கணித்து மீனவர்களுக்கு அறிவிக்கிறது. எல்லோருக்கும் மீன் இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் கடைசியில் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களின் காரணத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த நாட்களில் வீட்டில் பணத்துக்குத் தட்டுப்பாடு வருவதையும் சேர்த்துச் சொல்வார்கள். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் வளத்தைக் காப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் பாடத்தின் பகுதியே.

1972இல் அப்பல்லோ-17 வீரர்கள் எடுத்த முழுப் பூமியின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அழகான படம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அதில் பிடிமானம் குறைவு. உலகம் முழுவதற்குமான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஓசோன் சிறந்தது. அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பதைப் பிரிட்டன் அறிவியலாளர்கள் 1985இல் வெளியிட்டார்கள். அதன் பரப்பு எவ்வளவு பெரிது என்பதை நிம்பஸ்-7 செயற்கைக்கோள் காட்டியது. ஓசோனைச் சிதைக்கும் வாயுக்களைக் கைவிட, 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவரின் மகன் ஒருவன், அத்தகைய வாயுக்களில் ஒன்றான பழைய ஆர்-12 இப்போது கிடைப்பதில்லை என்று அப்பா சொன்னதாகச் சொன்னான். அண்டார்டிகாவும் அவன் வீட்டுப் பட்டறையும் அந்த ஒரு வாக்கியத்தில் இணைந்துவிட்டன.

ராக்கெட்டே புகை கக்குகிறதே என்று யாராவது கேட்பார்கள். மறைக்காதீர்கள். திட எரிபொருள் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் அலுமினிய ஆக்சைடும் வெளியேறுவது உண்மை; சுற்றுப்பாதையில் குப்பை சேர்வதும் உண்மை. 2024 ஜனவரி 1 அன்று ஏவிய பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட்டின் கடைசிப் பகுதியான நான்காம் நிலையை, இஸ்ரோ 350 கிலோமீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தி, ஆய்வுக் கருவிகளைச் சுமக்கும் மேடையாகப் பயன்படுத்தி, மார்ச் 21 அன்று வளிமண்டலத்தில் விழச்செய்து, குப்பை மிஞ்சாமல் முடித்ததையும் அதோடு சொல்லலாம்.

தொடங்க விரும்பினால், உங்கள் பள்ளிக்கு அருகே உள்ள ஏரியையோ குளத்தையோ ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மழைக்கு முன் ஒரு தேதி, மழைக்குப் பின் ஒரு தேதி, பத்து ஆண்டுகளுக்கு முன் அதே மாதத்தில் ஒரு தேதி என மூன்று படங்கள் போதும். மேகம் இல்லாத நாளாகப் பாருங்கள், வண்ணத்திலேயே அச்சிடுங்கள். கறுப்பு வெள்ளையில் ஆகாயத்தாமரையும் தண்ணீரும் ஒன்றுபோலத் தெரிந்து, எங்கள் முதல் வகுப்பில் கட்டங்களை எண்ணியது முழுவதும் தவறாகப் போனது.