டீசல் விலையில் யாருக்கு எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

நெல்லை, தென்காசி மாவட்டங்களிலிருந்து டீசல் விலை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கச்சா எண்ணெய் ஏறினால் டீசலும் ஏறுகிறது. கச்சா எண்ணெய் இறங்கினால் டீசல் ஏன் இறங்குவதில்லை? நான் வாழைத்தார் ஏற்றிக் கேரளத்துக்கு நடை ஓட்டுகிறேன். நடை வாடகையை உயர்த்தித் தர வியாபாரிகள் தயாராக இல்லை.
– லோடு வேன் உரிமையாளர், களக்காடு

உங்கள் தொழிலின் நெருக்கடியை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். ஏத்தன் தார்களுக்கு இடையே சருகு வைத்து, தார் நசுங்காமல் அடுக்கி, பொழுது விடிவதற்குள் சந்தை சேர வேண்டும் என்று இரவிலேயே வண்டி புறப்படுகிறது. டீசலுக்கான பணத்தைப் பெட்ரோல் பங்கில் அப்போதே எண்ணி வைக்க வேண்டும். வாடகையோ சரக்கு விற்ற பிறகுதான் கைக்கு வரும். திரும்பி வருகையில் பெரும்பாலும் காலி வண்டிதான். விலை ஏறும்போது அந்தச் சுமை முழுவதும் ஓட்டுநரின் தலையில் விழுவது இதனால்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாற்றி அமைக்கப்படும் என்ற நடைமுறை வந்தது. உலகச் சந்தையில் விலை இறங்கினால் அதன் பயன் மக்களுக்கும் வந்து சேரும் என்பதே அப்போது சொல்லப்பட்ட நியாயம். ஆனால் கச்சா எண்ணெய் இறங்கிய போதெல்லாம் மத்திய அரசு கலால் வரியை ஏற்றி, இறங்கிய பணத்தைத் தானே எடுத்துக்கொண்டது. 2014 நவம்பருக்கு முன் டீசல் லிட்டருக்கு 3.56 ரூபாயாக இருந்த கலால் வரி, 2016 ஜனவரி முடிவதற்குள் 17.33 ரூபாய் ஆனது. பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 30 டாலர் வரை சரிந்த காலம் அது. ஊரடங்கால் கச்சா எண்ணெய் மீண்டும் வீழ்ந்த 2020-இல், மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதத்தில் 13 ரூபாயும் கூட்டப்பட்டு, வரி 31.83 ரூபாயைத் தொட்டது. பிறகு 2021 நவம்பரில் 10 ரூபாயும் 2022 மே மாதத்தில் 6 ரூபாயும் குறைத்ததைச் சலுகையாக அறிவித்தார்கள். அப்படிக் குறைத்த பிறகும் 15.80 ரூபாய் நின்றது. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் இறங்கியவுடன் அதன்மேல் மீண்டும் 2 ரூபாய் ஏற்றப்பட்டது. பங்கில் விலை ஏறவில்லை என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்கவில்லை என்பதே எங்கள் குறை.

ஒரு லிட்டர் டீசலில் மத்திய அரசுக்கு எவ்வளவு போகிறது, தமிழக அரசுக்கு எவ்வளவு போகிறது?
– டிராக்டர் உரிமையாளர், அம்பாசமுத்திரம்

லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, 2025 ஏப்ரல் கலால் வரியின்படி கணக்கிடுவோம். மத்திய அரசுக்கு 17.80 ரூபாய். தமிழ்நாட்டில் டீசலுக்கு 11 சதவீத மதிப்புக் கூட்டு வரியும், அதனுடன் லிட்டருக்கு 9.62 ரூபாய் என்ற நிலையான வரியும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 17.78 ரூபாய். இரு அரசுகளும் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. நீங்கள் 40 லிட்டர் நிரப்பினால், கொடுக்கும் 3,680 ரூபாயில் 1,423 ரூபாய் வரி. அந்த 11 சதவீதமும் மத்திய வரி சேர்ந்த தொகையின்மேல் போடப்படுவதால், வரிக்கும் சேர்த்து வரி கட்டுகிறீர்கள். கலால் வரியும் 9.62 ரூபாயும் லிட்டர் கணக்கில் விதிக்கப்படுபவை. கச்சா எண்ணெய் எவ்வளவு சரிந்தாலும் இவற்றில் ஒரு பைசாகூடத் தானாகக் குறையாது.

மாநில அரசின் பங்கை மறைத்துவிட்டு டெல்லியை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. இந்த 9.62 ரூபாய் முறை 2020 மே மாதம் அ.தி.மு.க. ஆட்சியில் கொண்டுவரப்பட்டது, அதனால் டீசல் லிட்டருக்கு 2.50 ரூபாய் ஏறியது. மத்திய அரசு 13 ரூபாய் கூட்டியதும் அதே வாரத்தில்தான். 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாக வாக்களித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது. டீசலுக்கு ஒன்றும் இல்லை. ஏர் பூட்டி உழுவது அரிதாகிப்போன தாமிரபரணிப் பாசனத்தில், கார் பருவச் சாகுபடிக்கும் பிசானப் பருவத்துக்கும் டீசல் இல்லாமல் ஒரு வயலும் உழவாகாது என்பது வாக்களித்தவர்களுக்குத் தெரியாததல்ல.

வரியைக் குறைத்துவிட்டால் சாலைக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்து வரும்? சொகுசு கார் வைத்திருப்பவர்களுக்கு ஏன் சலுகை தர வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

நியாயமான கேள்வி, ஐயா. வரியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சாலைக்கென்று டீசலில் செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி) வாங்குகிறார்கள், வண்டிக்குச் சாலை வரி வாங்குகிறார்கள், நாங்குநேரியிலும் கயத்தாறு சாலைப்புதூரிலும் சுங்கக் கட்டணமும் வாங்குகிறார்கள். ஒரே சாலைக்கு மூன்று முறை பணம் கொடுத்த ஓட்டுநர் அதைப் பற்றிக் கேள்வி கேட்பதில் தவறில்லை. மேலும் செஸ், கூடுதல் கலால் வரி ஆகியவற்றில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. 2022 மே குறைப்புக்குப் பின் நின்ற 15.80 ரூபாயில், மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வரி வெறும் 1.80 ரூபாய். மாநிலங்கள் தம் வரியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சொகுசு காரையும் லோடு வேனையும் பிரிக்க முடியாது என்ற வாதத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. தமிழக மீனவர்களின் விசைப்படகுகளுக்கு, ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்று வரம்பு வைத்து, மாநில விற்பனை வரி இல்லாத டீசலை அரசே வழங்கி வருகிறது. கடலில் செய்ய முடிந்ததைக் கதிர் அறுக்கும் எந்திரத்துக்கும் சிறிய சரக்கு வண்டிக்கும் செய்ய முடியாதா? அறுப்புக் காலத்தில் எந்திர வாடகையை மணிக்கணக்கில் கொடுக்கும் சிறு விவசாயிதான் கடைசியில் அந்த டீசலுக்குப் பணம் கட்டுகிறார்.

கேரளத்தில் நம்மைவிட விலை அதிகம் என்கிறார்களே?
– வாசகர், செங்கோட்டை

உண்மைதான். அங்கே 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வந்தது. அதைக் காட்டி இங்குள்ளவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது சரியல்ல.

தேர்தல் நேரத்தில் மட்டும் விலை அசையாமல் நிற்பது எப்படி?
– வாசகர், வள்ளியூர்

2021-இல் தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களின் தேர்தல் முடிவு மே 2-ஆம் தேதி வந்தது; மே 4-ஆம் தேதி விலை மீண்டும் ஏறத் தொடங்கியது. 2022-இல் உத்தரப் பிரதேசத் தேர்தல் முடியும் வரை நின்றிருந்த விலை, மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை சுமார் 10 ரூபாய் ஏறியது. 2024 மார்ச் 15-இல் 2 ரூபாய் குறைந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது என்ற விளக்கத்தை இந்தத் தேதிகளுக்குப் பிறகும் நம்பச் சொல்வது வாக்காளரை மதிக்காத செயல்.

ஜிஎஸ்டி-யில் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லையா? நாங்கள் யாரிடம் மனு கொடுப்பது? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்தும் பலன் இல்லை.
– வாடகை வாகன ஓட்டுநர், ஆலங்குளம்

சட்டம் இடம் தருகிறது. அரசியலமைப்பின் 279ஏ பிரிவில், டீசல் எந்தத் தேதி முதல் ஜிஎஸ்டி-க்குள் வரும் என்பதை, மத்திய அரசும் மாநிலங்களும் இடம்பெறும் ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும் என்றே எழுதப்பட்டுள்ளது. 2021 செப்டம்பர் 17-இல் லக்னோவில் கூடிய கவுன்சில், அதற்கான நேரம் இன்னும் வரவில்லை என்று முடித்துவிட்டது. மத்திய அரசும் மாநிலங்களும் அந்த மேசையில் ஒன்றாக அமர்ந்திருந்தன. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் சண்டையே வரவில்லை.

டீசல் வரியைக் குறைக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் இல்லை. உங்கள் மனுவை அவர் மேலே அனுப்ப மட்டுமே முடியும். கலால் வரியைப் பற்றி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும், மதிப்புக் கூட்டு வரியைப் பற்றிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால், ஒவ்வொருவரும் அடுத்தவர் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கான மனுவில் "விலையைக் குறைக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், 9.62 ரூபாய் நிலையான வரியில் எத்தனை ரூபாய் குறைக்கச் சட்டமன்றத்தில் பேசுவீர்கள் என்று கேளுங்கள். ஓட்டுநர் சங்கத்தின் பெயரில் பதிவுத் தபாலில் அனுப்பி, பதில் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்குத் தெரிவியுங்கள். இந்தப் பகுதியில் வெளியிடுகிறோம்.