கபால நரம்புக் கோளாறுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காலையில் எழுந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இது பக்கவாதமா, முகவாதமா?

பதில்: எந்த நாள் காலையில் என்று நீங்கள் எழுதவில்லை. தொடங்கிய நாளையும் நேரத்தையும் குறிப்பிடாத கடிதத்துக்கு முழுமையான பதில் தர இயலாது. புருவத்தை உயர்த்தும்போது, வாய் செயலிழந்த அதே பக்கத்தில் நெற்றியும் சுருங்காமல், கண்ணும் மூடாமல் இருந்தால், மூளையிலிருந்து நேரே கிளம்பும் பன்னிரண்டு இணைக் கபால நரம்புகளில் முகத் தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பு பாதிக்கப்பட்டிருக்க, அதாவது முகவாதமாக இருக்க, வாய்ப்பு அதிகம். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருவதால், பெரும்பாலான பக்கவாதங்களில் நெற்றி தப்பிவிடுகிறது. ஆனால் இந்தச் சோதனை மருத்துவர் செய்வதற்கானது. இதை வீட்டில் செய்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்ளாதீர்கள். மூளைத்தண்டில் ஏற்படும் பக்கவாதம் நெற்றியையும் பாதிக்கலாம். கை கால் தளர்ச்சியோ, பேச்சுக் குழறலோ, தலைசுற்றலோ உடன் இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். முகவாதம்தான் என்று உறுதியானாலும், ஸ்டீராய்டு மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே பலன் தரும். காதுக்குள் கடும் வலியும் கொப்புளங்களும் இருந்தால் அக்கி வைரஸ் காரணமாக இருக்கலாம் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பத்தில் ஏழெட்டுப் பேர் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் நன்கு தேறிவிடுகிறார்கள். கோணிய வாயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நீங்கள், மூடாத கண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. வாய் தானாகச் சரியாகலாம். உலர்ந்து புண்ணான கருவிழி அப்படிச் சரியாகாது. பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளும், இரவில் களிம்பும், இமையை மூடி ஒட்டும் டேப்பும் கட்டாயம் தேவை.

கேள்வி: சளி பிடித்ததிலிருந்து உணவில் ருசியே இல்லை. நாக்கின் நரம்பு கெட்டுவிட்டதா?

பதில்: உப்பும் இனிப்பும் நாக்குக்குத் தெரிகின்றன என்றால், நீங்கள் இழந்திருப்பது பெரும்பாலும் முதலாம் நரம்பின் மணம் அறியும் திறனையே.

கேள்வி: கன்னத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வலி. மூன்று பற்களைப் பிடுங்கிய பிறகும் போகவில்லை. நான்காவதையும் எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். முன்பு எடுத்த மூன்றும் தேவைதானா என்பதே என் கேள்வி. முகத்தின் உணர்வைக் கடத்தும் ஐந்தாம் நரம்பின் இந்த வலியைப் பல்வலி என்று எண்ணி நல்ல பற்களை இழந்தவர்களின் கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. ஒவ்வொன்றிலும் பற்களின் எண்ணிக்கை இருக்கிறது, வலியின் தன்மை இருப்பதில்லை. பல்வலிக்காரர் கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். நரம்புவலிக்காரர் கையைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய், தொடாமலே நிறுத்திவிடுவார். சிலர் அந்தப் பக்கத்தில் சவரம்கூடச் செய்வதில்லை. பல் துலக்குவது, மெல்லுவது, பேசுவது, முகத்தில் காற்று படுவது ஆகியவை வலியைக் கிளப்பிவிடும். வெட்டி இழுக்கும் வலி சில நொடிகளிலிருந்து அதிகபட்சம் ஓரிரு நிமிடங்கள் வரை நீடித்து அடங்கி, மீண்டும் வரும். சூடு, குளிர்ச்சி பட்டதும் தொடங்கி நெடுநேரம் விண்விண்ணென்று தெறிக்கும் வலி என்றால் பல் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும். அவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. எக்ஸ்ரேயில் சொத்தையோ சீழோ தெரியாதபோது பல்லை எடுக்கச் சம்மதிக்காதீர்கள் என்பதே நான் சொல்வது. சாதாரண வலிமாத்திரைகள் இதற்குக் கேட்பதில்லை, கார்பமாசெபைன் என்ற வலிப்பு நோய் மருந்துக்குக் கேட்கும். ஆனால் அதைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்த வேண்டும். ஆசிய வம்சாவளியினர் சிலருக்கு அது கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேட்டபிறகே தொடங்க வேண்டும். தோலில் தடிப்பு தோன்றினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நரம்பை ரத்தக்குழாய் அழுத்துகிறதா என்று அறிய எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், மருந்து போதாதபோது அறுவைச் சிகிச்சையும் உண்டு. நாற்பது வயதுக்குள் இந்த வலி வந்தால், நரம்பு உறை சிதையும் நோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். உங்கள் வயதையும், வலி தொடங்கிய நாளையும் நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: திடீரென எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. கண்ணாடியை மாற்றலாமா?

பதில்: ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டைப் பிம்பம் மறைந்தால், கோளாறு கண்களை அசைக்கும் மூன்றாம், நான்காம், ஆறாம் நரம்புகளிலோ, தசைகளிலோ இருக்கலாம், கண்ணாடியால் பயனில்லை. நீண்டகால நீரிழிவால் இப்படி வந்தது பெரும்பாலும் மூன்று மாத அளவில் சரியாகிவிடும். ஆனால் இமை தொங்கி, கண்பாவை விரிந்து, தலைவலியும் சேர்ந்தால், மூளையின் ரத்தக்குழாய் ஒன்று பலூன்போல் உப்பி நரம்பை அழுத்துகிறது என்றே முதலில் கருத வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது. கஷாயம் போதுமா?

பதில்: மூன்று வாரத்தைத் தாண்டினாலே குரல்நாண்களை உள்நோக்கிக் கருவியால் பார்க்க வேண்டும். குரல்நாண்களை இயக்கும் பத்தாம் நரம்பின் இடது கிளை மார்புக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுவதால், நுரையீரல் கட்டிகூட முதலில் குரலில்தான் தெரியவரலாம். புகைப்பழக்கம் உள்ளவரா என்பதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்.