கண்ணிலிருந்து தொடங்கும் படங்கள்: மீட்கப்பட்ட சிம்பன்சிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு

திருகோணமலையில் 27 ஆண்டுகள் சித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஆறு ஆண்டுகளாக, ஆபிரிக்கச் சரணாலயங்களில் மீட்கப்பட்டு வளரும் சிம்பன்சிகளின் முகங்களை வரைந்து, அவற்றுக்குக் கிடைக்கும் பணம் அந்தச் சரணாலயங்களுக்கே போய்ச் சேரும்படி செய்துவருகிறேன். அண்மையில் படங்களை நகரில் காட்சிக்கு வைத்தபோது பார்க்க வந்தவர்களும், வெளிநாட்டிலிருந்து எழுதியவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே ஆறுதலாகப் பதில் எழுதுகிறேன்.

உவர்மலையிலிருந்து ஒருவர்: ரீச்சர், கோணேசர் கோயிலடியில் கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பறிக்கும் குரங்குகளுக்கும் சிம்பன்சிக்கும் என்ன வேறுபாடு?

கோயிலடியில் நிற்பவற்றுக்கு வால் உண்டு. சிம்பன்சிக்கு வால் இல்லை. கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றோடு சேர்ந்த வாலில்லாக் குரங்கு அது. கொரில்லாவை விட மனிதரே சிம்பன்சிக்கு நெருங்கிய உறவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மேற்கே செனகல் தொடக்கம் கிழக்கே தன்சானியா வரையான ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் மட்டுமே அது காட்டில் வாழ்கிறது.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: மீட்ட பிறகு காட்டிலேயே விட்டுவிடலாமே? வாழ்நாள் முழுவதும் சரணாலயத்தில் வைத்திருப்பதும் ஒருவகைச் சிறைதானே?

காட்சிக்கு வந்தவர்களில் அதிகமானோர் கேட்டது இதைத்தான். முதலில் அந்தக் குட்டிகள் எப்படி வந்து சேர்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். சிம்பன்சித் தாய் தன் குட்டிக்கு நான்கு, ஐந்து வயது வரை பாலூட்டுகிறாள்; அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் அது அவளைப் பிரிவதில்லை. அவள் உயிரோடிருக்கும்போது குட்டியை எவரும் பறித்துவிட முடியாது. ஆகவே விற்பனைக்கு வரும் குட்டி ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுடப்பட்ட தாயொருத்தியும், பெரும்பாலும் அவளைக் காக்க ஓடிவந்த சுற்றமும் உண்டு. பெரியவை இறைச்சியாகின்றன, குட்டி கயிற்றில் கட்டப்பட்டுச் சந்தைக்கு வருகிறது.

எந்தப் பழம் எப்போது பழுக்கும், எந்தக் கிளை தன் பாரத்தைத் தாங்கும், இரவுக்கு இலைகளை வளைத்துப் படுக்கை அமைப்பது எப்படி என்பவற்றையெல்லாம் குட்டி தாயிடமிருந்தே கற்றுக்கொள்கிறது. அந்தக் கல்வி இல்லாமல் வளர்ந்த ஒன்றைக் காட்டில் விட்டால் அது பசியால் சாகலாம். அங்கே ஏற்கெனவே வாழும் கூட்டம் அந்நியனைத் தாக்கிக் கொல்லலாம். மனிதரைக் கண்டு அஞ்சாமல் ஊருக்குள் வந்துவிடலாம். கொங்கோ குடியரசின் கொன்குவாட்டியில் 1996 முதலும், கினியின் மேல் நைஜர் தேசியப் பூங்காவில் 2008 முதலும் சிலவற்றை விடுவித்து வெற்றி கண்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஏற்ற காடு, ஆண்டுக்கணக்கான பயிற்சி, விட்ட பின்னும் தொடரும் கண்காணிப்பு ஆகிய மூன்றும் வேண்டும். அவை அமையாத இடத்தில், மரங்கள் நிறைந்த அகன்ற வேலிக்குள் தன் இனத்தோடு வாழக் கிடைப்பதே அந்த விலங்குக்கு எஞ்சியிருக்கும் நல்வாழ்வு. 50 வயதையும் தாண்டி வாழக்கூடிய விலங்கு என்பதால், ஒரு குட்டியை ஏற்பது அரை நூற்றாண்டுப் பொறுப்பை ஏற்பதாகும்.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்: உங்கள் படங்களில் ஒரு சிம்பன்சி கூடச் சிரிக்கவில்லை. விளம்பரங்களில் அவை நன்றாகச் சிரிக்கின்றனவே!

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. ஈறும் இரண்டு வரிசைப் பற்களும் தெரிய உதடுகளை இழுத்து நிற்கும் அந்த முகத்தை நாம் சிரிப்பென்று எண்ணுகிறோம். சிம்பன்சியின் மொழியில் அது பெரும்பாலும் அச்சம். விளம்பரத்துக்காகவும் படப்பிடிப்புக்காகவும் பழக்கப்பட்ட குட்டிகள் காட்டியதும் பெரும்பாலும் அதைத்தான். உண்மையில் விளையாடி மகிழும்போது கீழ்த்தாடை தளர்ந்து வாய் திறந்திருக்கும், மேற்பற்களை உதடு மூடியிருக்கும், மூச்சு வாங்குவது போன்ற ஒலி எழும். அந்த முகத்தை நான் இரண்டு முறை வரைந்திருக்கிறேன். மற்றப் படங்களில், அவை ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்து பார்க்கும் பார்வையையே எடுத்துக்கொண்டேன்.

சாம்பல்தீவிலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் யானைகள் சாகின்றன, நகர மான்கள் குப்பை தின்கின்றன. ஆபிரிக்காவுக்கு ஏன் உதவ வேண்டும்?

தம்பி, நீங்கள் கேட்பது நியாயம். கோட்டையடியிலும் கடற்கரையிலும் திரியும் புள்ளிமான்கள், எறியப்பட்ட சோற்றுப் பார்சலைப் பொலித்தீன் உறையோடு சேர்த்து மெல்லுவதை நானும் ஒவ்வொரு மாலையும் பார்க்கிறேன், அவற்றையும் வரைகிறேன். ஒன்றில் வைத்த அன்பு இன்னொன்றுக்குக் குறைந்துபோகும் என்று நான் நம்பவில்லை.

எனக்கு இந்த வழியைக் காட்டியதும் நம் நாட்டில் பிறந்த ஒருவரின் கதைதான். இலங்கையில் பிறந்து சியேரா லியோனில் கணக்காளராக இருந்த பாலா அமரசேகரன், 1988 ஆம் ஆண்டில் நாட்டுப்புறத்துப் பயணமொன்றில் விற்பனைக்குக் கட்டப்பட்டிருந்த நோயுற்ற குட்டியொன்றைக் கண்டு 20 டொலர் கொடுத்து வாங்கினார். அதற்கு புரூனோ என்று பெயரிட்டார். வீட்டில் வளர்க்க முடியாத விலங்கு அது என்பதும், அதைப்போல் இன்னும் பல குட்டிகள் வீடுகளில் கட்டப்பட்டிருப்பதும் விளங்கியபோது, 1995 இல் தலைநகர் பிரீடவுனுக்கு அருகே டக்குகாமா சரணாலயத்தைத் தொடங்கினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. குண்டுச் சத்தத்தின் நடுவே விலங்குகளுக்கு உணவு தேடுவது எப்படி இருந்திருக்கும் என்பதைத் திருகோணமலையில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பின்னர் எபோலா நோயையும் அந்தச் சரணாலயம் கடந்தது. இன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்ட சிம்பன்சிகள் வாழ்கின்றன. 2019 இல் அந்த நாடு சிம்பன்சியைத் தன் தேசிய விலங்காக அறிவித்தது. ஆயினும் சுற்றியுள்ள காடு அழிக்கப்படுவதை எதிர்த்து, 2025 இல் பார்வையாளருக்குச் சரணாலயத்தின் கதவைச் சாத்த வேண்டிய நிலையும் வந்தது.

புரூனோவின் முடிவையும் சொல்ல வேண்டும். 2006 இல் அதன் தலைமையில் 31 சிம்பன்சிகள் வேலியைத் தாண்டின. அன்று ஒரு மனிதர் உயிரிழந்தார். பெரும்பாலானவை மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. புரூனோ திரும்பவேயில்லை. என் வீட்டுச் சுவரில் விற்பனைக்கல்லாமல் தொங்குவது அதன் படந்தான்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்: பணம் உண்மையாகவே போய்ச் சேர்கிறது என்பதை எப்படி நம்புவது?

பணம் என் கைக்கு வருவதே இல்லை. படத்தை விரும்புபவர் தொகையைச் சரணாலயத்துக்கு நேரடியாகச் செலுத்தி, அவர்கள் தரும் பற்றுச்சீட்டின் பிரதியை எனக்கு அனுப்புகிறார். அதன் பின்னரே படத்தைப் பொதி செய்கிறேன். கடதாசியும் வண்ணமும் என் ஓய்வூதியத்திலிருந்து. குட்டிகளுக்குப் பால்மா, மருந்து, வேலி திருத்தம், பராமரிப்பாளர் சம்பளம் என்று அங்கே செலவுக்குக் குறைவில்லை. பல சரணாலயங்கள் பழமும் மரக்கறியும் அயற்கிராம விவசாயிகளிடமே வாங்குவதால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஊருக்குள்ளும் போகிறது.

முதலாம் ஆண்டில் நான் ஒரு பிழை செய்தேன். இணையத்தில் கண்ட நிழற்படமொன்றைப் பார்த்து அனுமதி கேளாமல் வரைந்தேன். படம் எடுத்தவர் எழுதியபோது வெட்கமாகப் போய்விட்டது. அச்சுப்பிரதிகளைத் திரும்பப் பெற்றுக் கிழித்தேன். இப்போது எழுத்தில் அனுமதி பெறாமல் ஒரு கோடும் போடுவதில்லை.

மூதூரிலிருந்து ஒரு மாணவி: ரீச்சர், கறுப்பு மயிரை வரைந்தால் எனக்குக் கரிப்பூச்சாகவே வருகிறது. என்ன செய்வது?

மகள், கறுப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிம்பன்சியின் மயிரில் வெளிச்சம் படும் இடம் நீலமாகவும், காதோரம் கபிலமாகவும், வயது போனால் முதுகு சாம்பலாகவும் இருக்கும். நான் முதலில் கருநீலப் பாஸ்டலை மயிர் போகும் திசையிலேயே இழுத்து, அதன்மேல் கடுங்கபிலத்தை இட்டு, ஆழமான நிழலில் மட்டும் கறுப்பை வைக்கிறேன். விரலால் தேய்க்க வேண்டாம். தேய்த்தவுடன் மயிர் புகையாகிவிடும்.

தொடங்குவது எப்போதும் கண்ணிலிருந்து. நமது கண்ணைப்போல் வெண்விழி அங்கே பளிச்சென்று தெரிவதில்லை. பெரும்பாலும் அந்தப் பகுதியும் கபிலமாகவே இருக்கும். ஆகவே பார்வை எந்தப் பக்கம் போகிறது என்பதை விழியில் விழும் ஒளிப்புள்ளியும் இமையின் வளைவுமே காட்டும். அந்தப் புள்ளியை வெள்ளையால் வைக்காமல் கடதாசியையே வெறுமையாக விட்டுவையுங்கள். ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் அது வேறொருவருடைய முகமாகிவிடும். குட்டியின் முகம் வெளிறியும் வளர்ந்ததன் முகம் கறுத்தும் இருப்பது வழமை. காதின் கிழிசல், நெற்றி வழுக்கை, மூக்கின் வடு இவற்றைக் கொண்டுதான் பராமரிப்பாளர்களும் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்.

பாலையூற்றிலிருந்து ஒருவர்: சிம்பன்சியே படம் வரையுமாமே?

தூரிகையைக் கொடுத்தால் சில வரையும். கொங்கோ என்ற சிம்பன்சியின் படங்கள் 1957 இல் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2005 இல் அவற்றில் மூன்று ஏலத்தில் 14,400 பவுணுக்கு விலைபோயின. என் படங்கள் அந்த வகையல்ல.

ரொறன்ரோவிலிருந்து ஒரு தாய்: அன்ரி, மகளின் பிறந்தநாளுக்கு, சட்டை போட்ட சிம்பன்சிக் குட்டி அவளுடைய மடியில் இருப்பதாக வரைந்து தருவீர்களா?

பிள்ளைக்கு என் வாழ்த்து. ஆனால் அந்தப் படத்தை நான் வரைய மாட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மனிதரோடு சேர்ந்து நிற்கும் சிம்பன்சியின் படத்தைப் பார்ப்பவர்கள் அதை வீட்டில் வளர்க்கத்தக்க விலங்கென்று எண்ணும் வாய்ப்புக் கூடுகிறது என்பதை 2011 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்த எண்ணந்தான் அடுத்த தாயைச் சுடவைக்கிறது. சளி, இருமல் போன்ற நம் நோய்களும் அவற்றுக்கு உயிராபத்தானவை.

முன்பு ஒருவர், கண்ணிப் பொறியில் இரண்டு விரல்களை இழந்த பெண் சிம்பன்சியின் படத்தைக் கேட்டுவிட்டு, விரல்களை முழுதாக வரைந்து தரும்படி எழுதினார். மறுத்தேன். அந்தக் கையை அவள் கன்னத்தில் ஊன்றியிருந்தாள். மீதி விரல்களின் தோற்சுருக்கத்துக்கே எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. பிறகு வேறொருவர் அதை அப்படியே வாங்கினார். உங்கள் மகளுக்கு அவளுடைய வயதையொத்த குட்டியொன்றின் முகத்தை வரைந்து, அதன் பெயரையும் அது வந்த வழியையும் பின்புறத்தில் தமிழில் எழுதித் தருகிறேன், அவள் வாசிக்கட்டும்.

நகரிலிருந்து ஒருவர்: வாங்கிய படத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. கடற்காற்றுக்கு என்ன செய்யலாம்?

மாரி தொடங்கினால் இங்கே எல்லாக் கடதாசியும் ஈரம் குடிக்கும். வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே மட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். பின்புறத்தில் சிறு தக்கை வைத்துச் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் காற்றோட இடம் விடுங்கள். பூஞ்சணத்தைத் துணியால் துடைக்க வேண்டாம், பாஸ்டலும் சேர்ந்து போய்விடும். வெயில் நேரடியாகப் படாத காய்ந்த இடத்தில் இரண்டு நாட்கள் வைத்துவிட்டு என்னிடம் கொண்டுவாருங்கள், மென்தூரிகையால் நானே எடுத்துத் தருகிறேன்.